கத்தத் தெரியாத மெஷின்

ஜூலை 19, சனி

இன்று காலை அவர் மெஷினைச் சுவரில் எறிந்தார். குற்றம் என்னுடையதுதான், தேங்காய்ச் சட்னியில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

கழுத்தில் வைத்துப் பேசுகிற மெஷின் அது. தொண்டையில் புற்றுநோய் என்று போன வருஷம் அவருடைய குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். டார்ச் லைட் மாதிரி ஓர் உருளை. தாடைக்குக் கீழே வைத்துப் பொத்தானை அழுத்தினால் கிர்ரென்று அதிரும். வாயை அசைத்தால் அந்த அதிர்வு பேச்சாக வரும். ஒரே சுருதி. கல்யாணச் செய்தியும் அதே குரல், கருமாதிச் செய்தியும் அதே குரல். "சட்னில உப்பு எங்கடி?" என்று அவர் கத்தத்தான் நினைத்தார். ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி வந்தது. லீவுக்கு வந்திருந்த சிந்துஜா அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். பெற்ற மகள் சிரித்ததும் மெஷின் பறந்தது.

முப்பது வருஷம் நூல் மில்லில் சூப்பர்வைசர். ஆயிரம் கதிர் சுற்றுகிற சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. அதை மில் கேட்டிலேயே விட்டுவிட்டு வரவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. திலகா என்ற என் பெயர் எதிர்வீட்டு நாய்க்குக்கூடத் தெரியும்.

ஆவணியில் சிந்துவுக்கு நிச்சயம். உப்பு சர்க்கரை மாற்றும்போது பெண்ணைப் பெற்றவர் சபையில் வாய் திறந்து சம்மதம் சொல்ல வேண்டும். அதற்குள் புது மெஷின் வாங்கிவிடலாம் என்றாள் சிந்து. நான் விடவில்லை. பாலிடெக்னிக் எலக்ட்ரானிக்ஸ் லேபில் காலமெல்லாம் ஈயம் உருக்கிச் சால்டர் வைத்த கை இது, இவருடைய ஆபரேஷனுக்காகத்தான் அந்த வேலையையும் விட்டேன். நானே சரி பண்ணித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

சிந்து பெங்களூருக்கு பஸ் ஏறினாள். மெஷினைத் திறந்து பார்த்தேன். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு போர்டு. ஒரு ஐ.சி. சில்லின் இரண்டு கால்கள் ஈயத்தை விட்டுக் கழன்று நிற்கின்றன. பக்கத்தில் எள் அளவு கபாசிட்டர் ஒன்று பிளந்துவிட்டது. அது என் டப்பாவிலேயே இருக்கிறது.

வேலை பெரிதில்லை. ஆனால் ஒரு கையில் சால்டரிங் அயர்ன், ஒரு கையில் ஈயக்கம்பி என்றால் போர்டை யார் பிடிப்பது? என் கண்ணாடிக்கு அந்தக் கால்கள் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன. நன்றாகப் பிடிக்கவும் பெரிதாகக் காட்டவும் சரியான சாமான் இல்லாமல் இதில் கை வைக்கக் கூடாது. அவசரப்பட்டு போர்டைக் கருக்கிவிட்டால் அதற்கும் நான்தான் பேச்சு வாங்க வேண்டும்.

பேச்சு வாங்க வேண்டும் என்று எழுதிவிட்டேன். எப்படி வாங்குவது? பழக்க தோஷம்.

ஜூலை 24, வியாழன்

காந்திபுரத்தில் 'மூன்றாம் கை' வாங்கி வந்தேன். கடைக்காரர்கள் வைத்த பெயர் அது. கனமான அடிப்பலகை, அதில் இரண்டு இரும்புக் கைகள், கை நுனியில் முதலை வாய் கிளிப், நடுவில் ஒரு லென்ஸ்.

கனமான அடிப்பலகை என்பது கடைக்காரரின் வாய்ச்சொல். லென்ஸை என் பக்கம் இழுத்தால் மொத்தமும் குப்புற விழுகிறது. திருகை இறுக்கினால் கை அசைய மாட்டேன் என்கிறது, தளர்த்தினால் தலை தொங்குகிறது. முதலைப் பல் போர்டைக் கடித்துக் கோடு போட்டுவிட்டது. லென்ஸின் நடுவில் மட்டும் தெளிவு, ஓரத்தில் எல்லாம் வளைந்து தெரிகிறது. இதை விற்றவன் ஒருநாளாவது இதில் வேலை செய்து பார்த்திருப்பானா?

மூலையில் வைத்துவிட்டேன். எரிச்சலாக வந்தது.

ஜூலை 28, திங்கள்

அவருக்கு ஏதாவது வேண்டுமென்றால் எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டுகிறார். ஒருமுறை தட்டினால் தண்ணீர், விடாமல் தட்டினால் காபி. நான் என்ன மாடா, மணி சத்தத்துக்கு வருவதற்கு? முந்தாநாள் காபி கொண்டுபோய் வைத்துவிட்டுக் கரண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதி நீட்ட ஆரம்பித்திருக்கிறார். இன்றைய தாள்: "எப்ப ரெடியாகும்?"

சரியான சாமான் கிடைக்கவில்லை என்று சொன்னேன். தலையாட்டினார். அவர் தலையாட்டி நான் இதுவரை பார்த்ததில்லை.

மத்தியானம் மாடியில் ரேடியோ கேட்டுக்கொண்டே துணி மடித்தேன். பாட்டு முழுசாகக் கேட்டது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

தலையில் மாட்டுகிற லென்ஸ் கூரியரில் வந்தது. நெற்றியில் பட்டை, கண்ணுக்கு முன்னால் தூக்கி இறக்குகிற கண்ணாடி, ஓரத்தில் குட்டி விளக்கு. கை இரண்டும் காலியாக இருக்கும், அது ஒரு வசதி.

ஆனால் பெரிதாகக் காட்டுகிற லென்ஸை மாட்டினால் போர்டு மூக்கருகில் இருந்தால்தான் தெரிகிறது. அயர்ன் சூடு முகத்தில் அடிக்கிறது, புகை நேராக மூக்குக்குள் போகிறது. தள்ளி உட்கார்ந்தால் எல்லாம் கலங்கல். சிறிதாகக் காட்டுகிற லென்ஸை மாட்டினால் என் மூக்குக் கண்ணாடியே போதும். பட்டை வேறு காதுக்கு மேலே அழுத்தித் தலைவலி.

அவர் வாசற்படியில் நின்று என் கோலத்தைப் பார்த்தார். பழைய நாளாக இருந்தால் "ஈயப் பைத்தியம்" என்று தெருவுக்கே கேட்கச் சொல்லியிருப்பார். என் பொழுதுபோக்குக்கு அவர் வைத்த பெயர் அது. இன்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. தேங்காய்ப் பால், அவியல், இரண்டு வகைச் சோறு. உப்பு எல்லாவற்றிலும் சரியாக இருந்தது. இல்லாவிட்டாலும் யாரும் சொல்லியிருக்கப் போவதில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

மேஜையில் திருகி மாட்டுகிற விளக்கு லென்ஸ். வட்டமான கண்ணாடி, சுற்றிலும் வெளிச்சம், மடங்குகிற நீளக் கை. பார்வைக்கு இதுதான் சரி. போர்டுக்கும் லென்ஸுக்கும் நடுவில் கை நுழைய இடமிருக்கிறது, நிழல் விழுவதில்லை. என் மேஜைப் பலகை தடிமன், திருகு வாய்க்குள் நுழையவில்லை. ஆசாரியை வைத்து ஓரத்தைச் செதுக்கலாமா என்று யோசிக்கிறேன்.

எதிர்வீட்டு ருக்மணி வந்து, என்ன, வீடு சத்தமே காணோம், ஊருக்குப் போய்விட்டீர்களோ என்று நினைத்தேன் என்றாள். போன மாதம் நான் சரி பண்ணிக் கொடுத்த காது மெஷினை மாட்டிக்கொண்டு இதைக் கேட்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஆசாரி வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

போர்டைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் வந்தது. இதைக் குறை சொல்ல முடியாது. நல்ல கனம், மேஜையை விட்டு நகர்வதில்லை. இரண்டு ரப்பர் தாடைகள் போர்டின் இரு ஓரத்தையும் மெதுவாகக் கவ்வும், சுழற்றினால் அடிப்பக்கம் மேலே வரும். உருளைச் சாமானைப் பிடிக்கத் தாடையில் பள்ளம்கூட வெட்டியிருக்கிறான். ஆனால் மெஷினின் போர்டுக்கு ஒரு முனை வளைவு, குழாய்க்குள் போவதற்காக அப்படி வெட்டியது. தாடையில் வைத்தால் வழுக்கிக்கொண்டு வருகிறது. சதுரமான போர்டாக இருந்திருந்தால் இன்றைக்கே முடித்திருப்பேன்.

இன்றைய தாள்: "நான் புடிச்சுக்கட்டுமா?"

நடுங்குகிற கையை வைத்துக்கொண்டு என்னத்தைப் பிடிப்பது? வேண்டாம் என்றேன். ஒருவேளை நடுங்காமலும் இருக்கலாம். சோதித்துப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கம்ப்யூட்டரில் செருகுகிற மைக்ராஸ்கோப். எள் பூசணிக்காயாகத் தெரிகிறது. ஆனால் கை அசைந்து ஒரு கணம் கழித்துத்தான் திரையில் அசைகிறது. இடப்பக்கம் போனால் வலப்பக்கம் காட்டுகிறது. பழைய போர்டில் முயன்று அயர்னால் மேஜைத் துணியைச் சுட்டுவிட்டேன்.

வேறு ரகம் தேட வேண்டும். வளைகிற கைகளும் காந்த அடியும் உள்ள ஒன்று இருக்கிறதாம். பத்து நாளில் வரும் என்று போட்டிருக்கிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சிந்து நிச்சயப் புடவை எடுக்க வந்தாள். வந்தவள் நேராக என் மேஜைக்குப் போனாள். மூன்றாம் கை, நெற்றி லென்ஸ், விளக்கு, வைஸ், மைக்ராஸ்கோப் எல்லாம் ஆயுத பூஜைக்கு அடுக்கியது போல் இருந்தன. நடுவில் அந்த மெஷின், திறந்தபடி. ஒவ்வொன்றிலும் என்ன குறை என்று நான் விளக்கமாகச் சொன்னேன். கடைசி வரை கேட்டாள்.

"ஏம்மா, என் காலேஜ் புராஜெக்ட்டுக்கு இதவிடச் சின்ன சில்லு ஒட்டிக் குடுத்தயே, எதுல புடிச்சே?"

ஞாபகமில்லை என்றேன்.

"ஒரு அரிசி டப்பா, ஒரு துணிக் கிளிப்பு. லென்ஸை ரெண்டு டம்ளர் மேல வெச்சே. நாந்தான் பக்கத்துல இருந்தேன்."

அப்போது கண் நன்றாக இருந்தது என்றேன்.

"போன மாசம் ருக்மணி அத்தையோட காது மெஷின்? அப்பவும் இதே கண்ணுதானே?"

அது வேறு, இது வேறு என்றேன். எப்படி வேறு என்று அவள் கேட்கவில்லை. வெளியே திண்ணையில் உட்கார்ந்திருந்த அவருக்குக் கேட்கக் கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்பா பேச வேண்டாம்னு நெனச்சா நெனச்சுக்கோம்மா. நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். இந்த வீட்ல நானும்தான் வளந்தேன். ஆனா பழியத் தூக்கி டூல் மேல போடாதே."

ஆகஸ்ட் 18, திங்கள்

ராத்திரியெல்லாம் கொதித்தது. என்ன பெண் பெற்றிருக்கிறேன்! நான் என்ன வேண்டுமென்றா இழுக்கிறேன்? சாமான் தேர்ந்தெடுப்பது இவளுக்கு விளையாட்டாகத் தெரிகிறதா? கருவி சரியில்லாமல் கை வைத்து வேலையைக் கெடுத்தவர்களை லேபில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

அரிசி டப்பாவாம், துணிக் கிளிப்பாம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அவருடைய அண்ணன் மாரப்ப மாமா போன் பண்ணினார். தம்பியால் சபையில் பேச முடியாதே, சம்மதத்தை நானே சொல்லிவிடுகிறேன், நீ மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே என்றார். சரிங்க மாமா என்று வைத்துவிட்டேன். போன் ஸ்பீக்கரில் இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். அவர் எதிரில் உட்கார்ந்து தாள் கிழித்துக்கொண்டிருந்தார். எழுதவில்லை. சும்மா கிழித்துக்கொண்டிருந்தார்.

சாயந்திரம் வரை அந்தக் காகிதக் குப்பையை நான்தான் பெருக்கினேன். அதற்கும் கோபம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

மத்தியானம் குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு மேஜைக்கு வந்தேன். அரிசி டப்பாவைக் கவிழ்த்து, போர்டை அதன் மேல் காகித டேப்பால் ஒட்டினேன். வளைந்த முனைக்கு ஒரு துணிக் கிளிப்பு. லேபிலிருந்து கொண்டு வந்த பிடி உடைந்த லென்ஸை இரண்டு டம்ளர்மேல் வைத்தேன். அவர் தட்டிய டம்ளர்கள்தான். கழன்ற கால் இரண்டும் தனித்தனியாக, தெளிவாகத் தெரிந்தன. ஈயம் ஒட்டுவதற்கு ஃபிளக்ஸ் பசை தடவி, பழைய ஈயத்தை எடுத்து, புது ஈயம் வைத்தேன். கபாசிட்டரை மாற்றினேன். நான்காவது விசில் வருவதற்குள் முடிந்துவிட்டது.

சோதித்துப் பார்க்க வேண்டுமே. என் கழுத்தில் வைத்தேன். என்னிடம் சொந்தக் குரல் இருப்பதால் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாயை மட்டும் அசைக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்றேன். என் கழுத்திலிருந்து அவர் குரல் வந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். சோதனை முடிந்துவிட்டது. நிறுத்தவில்லை.

"கத்தாதீங்க" என்றேன். எத்தனையோ வருஷமாகத் தொண்டை வரை வந்து திரும்பிப் போன சொல். அந்தக் குரலில் சொல்லச் சுலபமாக இருந்தது. அதனால் இன்னும் சொன்னேன். சம்பந்தக்காரர்கள் வந்திருந்த நாளில் நான் செய்த ரேடியோவைத் தூக்கிக் குப்பைக் கூடையில் வைத்தது. தெருமுனை வரை கேட்கிற மாதிரி என்னை மக்கு என்று சொன்னது. சிந்து சின்ன வயதில் அவர் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது. எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் எனக்கு வெறியே வந்துவிட்டது, முழு பலத்தையும் வாயில் சேர்த்துக் கத்திப் பார்த்தேன். ஒரே கிர்தான். அந்த மெஷினுக்குக் கத்தத் தெரியாது. எவ்வளவு ஆத்திரத்தைப் போட்டாலும் ரயில்வே அறிவிப்புதான் வருகிறது. அன்றைக்கு அதை ஏன் எறிந்தார் என்று புரிந்தது.

திரும்பினால் வாசற்படியில் நிற்கிறார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கையை நீட்டினார். கொடுத்தேன். கழுத்துக்குக் கொண்டு போகாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சோறு குழைந்துவிட்டது.

ஆகஸ்ட் 25, திங்கள்

இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. மெஷின் பையில்தான் இருக்கிறது. தாளும் எழுதுவதில்லை. பேசாமல் இருந்து என்னை மிரட்டுகிறாரா? கத்தியும் கொல்வார், கத்தாமலும் கொல்வார்.

வளைகிற கைகள் உள்ள அந்த ஸ்டாண்டு வந்தது. பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நிச்சயம் முடிந்தது. கால் வலிக்கிறது, ஆனால் எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

உப்புத் தட்டும் சர்க்கரைத் தட்டும் நடுவில் வைத்தாகிவிட்டது. பெண்ணைக் கொடுக்கச் சம்மதமா என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் கேட்டார். இவர் சட்டைப் பையைத் தொட்டார். அதற்குள் மாரப்ப மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "நீ சும்மா இரு நாச்சி, உன்னால ஆகாது" என்று தம்பியின் தோளை அழுத்தி உட்கார வைத்தார். இவரும் உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ பேரை ஒரு சத்தத்தில் உட்கார வைத்த மனிதர், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி உட்கார்ந்தார்.

எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு கோபம் வந்தது என்று தெரியவில்லை. இது என்னுடைய கணக்கு. எனக்கும் அவருக்கும் உள்ளது. நடுவில் புகுந்து அவரை உட்கார வைக்க மாமா யார்?

"கைய எடுங்க மாமா. அவரு பொண்ணு, அவரு சொல்லுவாருங்க" என்றேன். சபை திரும்பிப் பார்த்தது. என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது.

அவர் எழுந்தார். மெஷினைக் கழுத்தில் வைத்தார்.

"எம் பொண்ணக் குடுக்க எனக்குச் சம்மதமுங்க."

பின்வரிசையில் இரண்டு பெண்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள். நான் திரும்பி முறைத்தேன். அவர் கையைக் கவனித்தேன். எறிந்துவிடுவாரோ? மெஷினை இறக்கினார், சற்று நின்றார், மறுபடியும் வைத்தார்.

"என் சம்சாரம் சரி பண்ணிக் குடுத்த மெஷினுங்க. கொஞ்சம் கரகரன்னு இருக்கும். பொறுத்துக்கோங்க."

அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. சிந்து அழுதுவிட்டாள். நான் அழவில்லை. கரகரவாம்! என் சால்டரில் என்ன கரகர? அந்த மெஷின் கம்பெனியிலிருந்து வரும்போதே அப்படித்தான். ஒரு சபையில் முதல்முறையாக என் வேலையைப் பற்றிப் பேசுகிறார், அதையும் குறையோடு.

செப்டம்பர் 4, வியாழன்

திருப்பி அனுப்பியது போக மீதிச் சாமான்களை என்ன செய்வது என்று மேஜையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் டம்ளரோடு வந்தார். மெஷின் கழுத்தில்.

"காபி ஆறிப் போச்சு."

கத்தினாரா, சொன்னாரா என்று குரலில் தெரியாது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது, அதனால் கத்தினார் என்று வைத்துக்கொள்ளலாம்.

"அடுப்பு அங்கதான் இருக்குது" என்றேன். எழுந்திருக்கவில்லை.

மெஷின் பிடித்த கை தோளுக்கு மேலே போனது. சுவரில் பழைய காயம் இன்னும் இருக்கிறது, சுண்ணாம்பு பெயர்ந்த இடம். அதைப் பார்த்தார். என் மேஜையைப் பார்த்தார். பிறகு அந்த உருளையைக் கொண்டுவந்து வைஸின் பள்ளத்தில் வைத்துத் திருகை இறுக்கினார். அளவெடுத்துச் செய்தது போல் உட்கார்ந்தது. ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். பாத்திரம் உருண்டது. பால் பொங்கி அடுப்பில் வழிகிற வாசனை வந்தது. போகவில்லை நான்.

இரண்டு டம்ளரில் கொண்டு வந்தார். ஒன்றை என் முன்னால் வைத்தார். ஒரு வாய் குடித்தேன்.

"சர்க்கரை எங்கீங்க?" என்று கத்தினேன்.

சின்னச் சத்தமில்லை. எதிர்வீட்டு நாய் எழுந்து நின்று எங்கள் வீட்டைப் பார்த்தது. அவர் வாயைத் திறந்தார். கை கழுத்துக்குப் போனது, அங்கே ஒன்றும் இல்லை. வைஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சர்க்கரை டப்பாவை எடுத்துவரப் போனார்.